மார்கழிக்கு மார்கழிதான் சோடி

மூன்று நாளாக எல்லாரும் பகிர்கிற, கொழும்பில் காற்று மாசு ஏறுகிறது என்று காட்டும் அந்த வரைபடம்தான் விசயம். ஆடியில் ஒரு புள்ளி, மார்கழியில் ஒரு புள்ளி, நடுவில் ஏறுகிற சிவப்புக் கோடு. பிழை என்று சொன்னால் "உனக்கு அக்கறையில்லை" என்கிறார்கள். அந்தச் சொல் சுடுகிறது.

கச்சானும் வாடையும் அறிந்த மட்டக்களப்புச் சனத்துக்கு இதை விளங்கப்படுத்தவும் வேண்டுமா? ஆடியில் தென்மேல் காற்று கடலிலிருந்து வந்து கொழும்பைக் கழுவிவிடும். மார்கழியில் வடகீழ்க் காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் கொண்டுவரும். 2022 மார்கழியில் பாடசாலைகளை மூடியது அதனால்தான். இரண்டையும் கோட்டால் இணைத்தால் தெரிவது காற்று திரும்பியது மட்டுமே.

மார்கழியை மார்கழியோடு வையுங்கள், தையைத் தையோடு. மாதத்துக்கு ஒரு இடையம், அதாவது நாள் அளவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண், எடுங்கள். முக்கால்வாசி நாளாவது காற்றை அளக்கும் கருவி ஓடாத மாதத்தை விடுங்கள். எந்த மாதமும் விடுபடாத 10 வருடத் தரவில், ஒரே மாதத்தை இரண்டிரண்டு வருடமாகச் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு 45 சோடி, 12 மாதத்துக்கும் 540. ஏறியவை எத்தனை, இறங்கியவை எத்தனை என்று எண்ணுவதுதான் பருவகாலக் கெண்டல் என்ற புள்ளியியல் சோதனையின் அடிப்படை. ஒவ்வொரு சோடியின் வித்தியாசத்தையும் இடைப்பட்ட வருடங்களால் வகுத்து, வரும் 540 எண்ணுக்கும் இடையம் எடுத்தால் வருடத்துக்கு எவ்வளவு மாற்றம் என்பது வரும்.

தொடக்க வருடத்திலும் கவனம் வேண்டும். 2020 முடக்கத்திலோ 2022 பெற்றோல் வரிசையிலோ தொடங்கினால், வாகனம் ஓடாத தெருவிலிருந்து எந்தக் கோடும் ஏறத்தான் செய்யும்.

காற்றுத் தரச் சுட்டெண்ணையும் (AQI) நம்பிப் போடாதீர்கள். அமெரிக்கச் சுட்டெண்ணின் அளவுகோல் 2024 மே மாதம் மாறியது. கன மீற்றருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் (PM2.5) இருந்தால் சுட்டெண் முன்பு 42, இப்போது 53. காற்று மாறவில்லை, எண் ஏறிவிட்டது. மைக்ரோகிராமிலேயே போடுங்கள்.

"அப்போ கொழும்புக் காற்று நல்லதா?" இல்லை. நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி எல்லை கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம். கொழும்பு அதைவிட மேலேதான். "சனத்துக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?" சொல்லுங்கள், ஆனால் சரியானதைச் சொல்லுங்கள். எங்கட சனம் மழையையும் போகத்தையும் மாதம் பார்த்தே கணக்கிடுகிறது. மார்கழிக்கு மார்கழி என்றால் விளங்காதா?

நாளைக்கு அம்பாறை வயலில் வைக்கோல் எரிகிற புகையையும் இப்படித்தான் அளப்பீர்கள். வாவிக்கரையில் வைத்த மலிவுக் கருவி, ஈரப்பதன் 85 சதவீதம் தாண்டினால் நீரில் ஊதிய துகளையும் மாசென்று எண்ணும். மழை மாதத்தை அறுவடை மாதத்தோடு வைத்து, ஈரம் ஏற்றிய எண்ணின் பழியையும் விவசாயி தலையில் போடுவீர்கள். எனக்குக் கோபம் வருவது அதை நினைத்துத்தான்.

படத்தை அழிக்கச் சொல்லவில்லை. அதன் கீழே மாதவாரி அட்டவணையைப் போடுங்கள், எந்த மாதம் எத்தனை நாள் கருவி ஓடவில்லை என்பதோடு சேர்த்து.