பழுதாகும் நூலுக்கு யார் காசு கொடுப்பது?

கிழக்கிலங்கையில் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் சாயம் போட்டுக் காயவிட்ட நூலைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும், எல்லாக் கட்டும் ஒரே மாதிரி வராது. கயிறு இறுகியிருந்த இடத்தில் சாயம் ஏறாமல் ஒரு விரற்கடை வெளுத்துக் கிடக்கும். ஓரத்தில் நீலம் கசிந்து பச்சையோடு கலந்திருக்கும். சில நேரம் அந்த இடம்தான் கண்ணைப் பறிக்கும். ஆனாலும் அது பழுது. ஒதுக்கிவிடுவார்கள்.

செயற்கைச் சாயத்தின் கதையே பழுதில் தொடங்கியதுதான். 1856இல் லண்டனில் வில்லியம் பேர்க்கின் என்ற 18 வயதுப் பெடியன், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். கிடைத்தது கறுப்புக் கசடு. அதை அற்ககோலில் கரைத்தால் அருமையான ஊதா! பட்டுத்துணியில் தோய்த்துப் பார்த்தான். துவைத்தும் போகவில்லை, வெயிலிலும் மங்கவில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி முடிப்பதை என்னால் ஏற்க முடியாது. கசடு எல்லார் கையிலும் வரும். இரசாயனம் படித்த கண் இருந்ததால் அவன் அதைக் கழுவி ஊற்றவில்லை. அப்புறம், யாரும் பெரிதாகப் பேசாத விஷயம் ஒன்று: தொழிற்சாலை கட்ட அவனுடைய தகப்பன் சேமிப்பை எடுத்துக் கொடுத்தார். பெனிசிலினும் அப்படித்தான். 1928இல் விஞ்ஞானி பிளெமிங் கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சணம் பிடித்தது தற்செயல். பத்து வருடத்துக்கும் மேல் கழித்து புளோரி, செயின் என்ற ஆய்வாளர்கள் ஒக்ஸ்போர்டில் பாடுபட்ட பிறகுதான் அது மருந்தானது.

"நம்மட நெசவாளர்கள் புதுசா ஒன்றும் செய்யிறாங்க இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நெய்த துணிக்குத்தான் கூலி. நூல் விலையோ தலைக்கு மேல். அரைநாள் மினக்கெட்டு ஒரு கலவையைச் சோதித்து அது பிழையாகிப்போனால், அன்றைய உழைப்பு யார் கணக்கில்? இந்த நிலையில் எந்த மனிசன் துணிவான்? பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். செய்முறைப் பாடத்தில் எதிர்பார்த்த விடை வராவிட்டால், ஏன் வரவில்லை என்று யோசிக்கப் பிள்ளைக்கு நேரம் கொடுக்கிறோமா?

கைத்தறிப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். கொடுக்கும் நூலில் ஒரு பங்கைப் பழுதாக்கவென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள். எந்தச் சாயம், எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம் ஊறியது என்று சோதித்த நூல் துண்டிலேயே எழுதி ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். அடுத்த தறிக்காரர் வந்து பார்த்து, "இதையே கொஞ்சம் மாற்றிப் போட்டால் என்ன?" என்று கேட்கட்டும்.