லண்டன் பாலத்தை வாங்கியவர் ஏமாந்தாரா?

இரட்டைக் கோபுரப் பாலத்தின் படத்தோடு ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "இதுதான் என்று நினைத்து வேறு பாலத்தை வாங்கி ஏமாந்தார் அமெரிக்கப் பணக்காரர்" என்கிறது அது. கேட்கச் சுவைதான், ஆனால் உண்மையில்லை.

படத்தில் இருப்பது 1894-இல் திறந்த டவர் பிரிட்ஜ். விற்கப்பட்டது 1831-இல் திறந்த லண்டன் பிரிட்ஜ். பெருநகர லண்டனுக்குள் 'சிட்டி ஆஃப் லண்டன்' என்று தனி மேயரும் தனிக் காவல்துறையும் உள்ள குட்டி நகரம் ஒன்று உண்டு. அமிழ்ந்துகொண்டிருந்த அந்தப் பழைய பாலத்தை 1968-இல் இந்தக் குட்டி நகரத்தின் நிர்வாகம்தான் விற்றது. விலை 24,60,000 டாலர்.

வாங்கிய ராபர்ட் மெக்கல்லோக், தான் குழம்பியதாகச் சொல்வதை மறுத்தார். விற்பனையை முன்னின்று நடத்திய ஐவன் லக்கினும் மறுத்தார். சரி, யோசித்துப் பாருங்கள்: கற்களுக்கு எண் போட்டுக் கழற்றி, கப்பலில் அரிசோனாவுக்குக் கொண்டுபோய், கான்கிரீட் சட்டத்தின்மேல் பதித்து 1971-இல் திறந்த ஆள், எந்தப் பாலம் என்று பார்க்காமலா பணம் கொடுத்திருப்பார்?