டெபாசிட் நோட்டீஸ்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நோட்டீஸ் வந்திருக்கிறது. பாதாள சாக்கடை இணைப்புக்கு டெபாசிட் கட்ட வேண்டுமாம். தெரு வாட்ஸ்அப் குழு இரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. "உலக வங்கிதான் பணம் கொடுக்கிறானே, அப்புறம் நம்மகிட்ட எதுக்கு?" என்று ஒருவர் கேட்க, அதற்கு ஏகப்பட்ட கட்டைவிரல்கள். எங்கள் ஊர்த் திட்டத்துக்கு உலக வங்கிப் பணம் வருகிறதா என்பதே அங்கே யாருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். குழுவில் பதில் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

உலக வங்கியோ ஜப்பான்காரர்களோ இந்த மாதிரித் திட்டங்களுக்குத் தருவது பெரும்பாலும் கடன்தான். வட்டி குறைவாக இருக்கலாம், தவணை நீளமாக இருக்கலாம், ஆனாலும் ஒருநாள் கட்டித்தான் ஆக வேண்டும். அதைக் கட்டுவதற்கான காசு மூன்று வழிகளில்தான் வரும்: நாம் கட்டும் கட்டணம், நாம் கட்டும் வரி, அல்லது யாராவது மானியமாகத் தருவது. நான்காவது வழி ஒன்று இருப்பதாகத்தான் நம்மூரில் எல்லாக் கட்சிக்காரர்களும் மேடையில் பேசுகிறார்கள்.

என் சித்தி வீடு நங்கநல்லூரில். அன்றைக்கு அது ஆலந்தூர் நகராட்சி, சென்னையின் வாசலிலேயே இருந்தும் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். ஐப்பசி மழையில் அது நிரம்பி வழியும்போது லாரிக்காரருக்குச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை பாத்ரூமுக்குப் போகவே யோசிப்பார்கள். லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்று அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

1996-இல் அங்கே நகராட்சித் தலைவராக வந்தவர் ஆர்.எஸ்.பாரதி. அவருடைய கட்சி மீது எனக்கு எந்த அபிமானமும் இல்லை, ஆனால் அவர் செய்தது துணிச்சலான காரியம். பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் மக்களிடம் போய்ப் பணம் கேட்டார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கும் மற்றவற்றுக்கும் 10,000. தொண்ணூறுகளின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம். அப்படியும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டின. சித்தப்பா முதலில் முடியாது என்றார். அப்புறம் லாரிக்குக் கொடுத்த காசையெல்லாம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுப் போய்க் கட்டினார்.

ஏன் கட்டினார்கள்? தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுக் கணக்குச் சொன்னது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அந்தப் பணத்தை நகராட்சியின் பொதுக் கல்லாவில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கில் போட்டார்கள். சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் அதிலிருந்து எடுக்க முடியாது. திட்டச் செலவு சுமார் 34 கோடி. அதில் பெரும்பகுதி தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற அரசு சார்ந்த நிறுவனங்களின் கடன். டெபாசிட் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்குக் கடன் குறையும், மாதக் கட்டணமும் குறையும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, சில ஆண்டுகள் நடத்திவிட்டு ஒப்படைப்பது என்று ஏற்பாடு.

கடன் கிடைக்கிற அளவுக்கு ஆலந்தூரிடம் வருமானமாவது இருந்தது. சின்ன நகராட்சியை நம்பி யார் கொடுப்பார்கள்? அதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2002-இல் 13 சிறிய ஊர்களைச் சேர்த்து, குடிநீர், சாக்கடைத் திட்டங்களுக்காக ஒரே கடன் பத்திரம் வெளியிட்டார்கள். சுமார் 30 கோடி ரூபாய், 15 வருடத் தவணை. அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பு உத்தரவாதம். ஓர் ஊர் தவணை கட்டாவிட்டால், அதற்கு மாநில அரசு தர வேண்டிய வரிப் பங்கிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். நம்ம ஊர் மகளிர் குழுக்கடன் மாதிரிதான், அளவுதான் பெரிது. இதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? மேம்பாலம் திறந்தால் கேள்விப்படுவோம்.

ஆலந்தூரை எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது என்று சொல்வார்கள், சரிதான். அங்கே சொந்த வீட்டுக்காரர்கள், மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். டெபாசிட் கட்டிய வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றினால் குடித்தனக்காரர் என்ன செய்வார்? தினக்கூலியில் இருப்பவரிடம் மொத்தமாகக் கேட்பது அநியாயம். அவருக்குத் தவணையோ முழு மானியமோ வேண்டும், அதை என் வரியிலிருந்து கொடுத்தால் எனக்குச் சம்மதம். கார் நிறுத்த இரண்டு இடம் வைத்திருக்கிற எங்கள் தெருக்காரர்கள் ஏழைகள் பெயரைச் சொல்லி இலவசம் கேட்பதுதான் சகிக்கவில்லை.

ஆனால் எங்கள் நோட்டீஸில் தொகை இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று இருக்கிறது. பணம் எந்தக் கணக்கில் போகும், மொத்தச் செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு வரும் என்று ஒரு வரி இல்லை. போன முறை குடிநீர்க் குழாய்க்கென்று தோண்டிய பள்ளம் எதிர்வீட்டு வாசலில் இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. குழுவில் கத்துகிறவர்களின் கோபத்தில் பாதி இதனால்தான், அது எனக்கும் உண்டு.

திங்கட்கிழமை போய் டெபாசிட் கட்டப் போகிறேன். அதே நடையில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு ஒன்றையும் கொடுத்துவிட்டு வருவேன். மேலே சொன்ன நான்கு கேள்விகள்தான். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.