சம்பளத்த கூட்டினாங்க, கிலோவையும் கூட்டினாங்க

தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்க கூலிய கூட்டினா இருக்கிற வேலையும் போயிடும்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன், ஆனா கூட்டினா மட்டும் போதும்னு இங்க சிலபேர் சொல்றதும் சரியில்ல. எங்கம்மா இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறாங்க. 2021 மார்ச்ல நாள் சம்பளம் ஆயிரம் ரூபானு அரசாங்க கெசட் (வர்த்தமானி அறிவிப்பு) வந்தப்போ நாங்க இருக்கிற லயமே, தோட்டத்து வரிசை வீடு பூராவுமே சந்தோசப்பட்டிச்சு, அதுக்கு முன்னாடி அடிப்படை 700 தானே. ஆனா கொஞ்ச நாள்லயே எங்க தோட்டத்துல கிலோவ கூட்டிட்டாங்க, ஒரு நாளைக்கு 16 கிலோ எடுத்தா முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்னு இருந்தது 20 ஆயிடுச்சு, கொறைஞ்சா அரைப்பேர், பாதிச் சம்பளம் தான், அந்த வருசம் ரசாயன உரத்தையும் தடை பண்ணிட்டாங்க, உரம் போடாத மலையில கொழுந்து எங்கருந்து வரும் சொல்லுங்க, விடிஞ்சதுலருந்து கூடையோட நின்னும் அம்மாவுக்கு பாதி நாள் அரைப்பேர் தான் விழுந்துச்சு. வேலை நாளும் கொறைஞ்சு போச்சு. 2022ல அரிசி, மாவு விலை ஏறினதுல மிச்சமிருந்ததும் போயிடுச்சு.

அதுக்காக கூட்டவே கூடாதுன்னு சொல்லல. பழைய 700லயே விட்டிருந்தா நாங்க பட்டினி தான். 2024ல 1350 ஆக்கினதும் வேணும், இன்னும் கூட்டணும். ஆனா ஒரு பேருக்கு எத்தன கிலோ, மாசத்துக்கு எத்தன நாள் கட்டாயம் வேலைங்கிறதையும் அதே கெசட்லயே போடுங்கன்னு தான் கேக்குறோம், அத தொரை, அதான் தோட்டத்து மேனேஜர், இஷ்டத்துக்கு விட்டா சம்பளச் சீட்டுல ஒன்னும் மாறாது.