ஓட்டோ என்றால் கார்தான், மொன்றியலில்

வெளிநாட்டில் இருந்து வருகிற பிள்ளைகளின் தமிழைத் திருத்துகிறோம் என்று பிழையே இல்லாததையும் பிழையாக்கிவிடுகிறோம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாக் காலம், வீட்டுக்கு வீடு இப்போது இதுதான் நடக்கிறது.

போன கிழமை கனடாவின் மொன்றியலில் இருந்து வந்த அக்காவின் மகள், படலையடியில் நின்ற காரைக் காட்டி, "அம்மம்மா, இந்த ஓட்டோவிலயா கோயிலுக்குப் போறம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "ஓட்டோவுக்கு மூன்று சில்லு பிள்ளை, இது கார்" என்று ஒருவர் வேறு திருத்தினார். அதற்குப் பிறகு பிள்ளை தமிழில் வாயே திறக்கவில்லை. எனக்குச் சரியான கவலை.

அவள் சொன்னதில் என்ன பிழை? அங்கே பிரெஞ்சில் காருக்கு ஓட்டோ என்றுதான் சொல்கிறார்கள், உச்சரிப்புக்கூட கிட்டத்தட்ட எங்களுடையதுதான். ஜெர்மனியில் அதுவே 'அவுட்டோ', அங்கேயும் கார்தான். ஓட்டோமொபைல் என்ற நீளப் பெயரில் அவர்கள் தலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், நோர்வே, சுவீடன், டென்மார்க் எல்லாம் வாலை மட்டும் எடுத்துக்கொண்டு 'பில்' என்கின்றன, நாங்கள் ஓட்டோரிக்‌ஷாவை வெட்டி மூன்று சில்லு வண்டிக்கு வைத்துக்கொண்டோம். வெட்டினவர்கள் வேறு, வண்டியும் வேறு, அவ்வளவுதான்.

பஸ்ஸைப் பாருங்கள். இலத்தீனில் 'ஓம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. 1820களில் பிரான்சின் நாந்த் நகரில் ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, 1829இல் லண்டனுக்கும் வந்தது. பிறகு முன்பக்கத்தை வெட்டிவிட, மிஞ்சியது வெறும் வேற்றுமை உருபு. 'எல்லோருக்கும்' என்பதில் 'க்கும்' மட்டும் தனியாக நின்று ஒரு வண்டிக்குப் பெயரானது மாதிரி! அந்தத் துண்டைச் சொல்லித்தானே பருத்தித்துறைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்கிறோம்.

தமிழுக்கும் இது புதிதில்லை. தஞ்சாவூர் தஞ்சை ஆனது போன்ற மாற்றத்தை நன்னூல் மரூஉ என்று சொல்லி, இயல்பு வழக்கிலேயே சேர்த்திருக்கிறது. எங்கள் பத்திரிகைகள் 'யாழில் கனமழை' என்று போட்டால் எங்களுக்கு யாழ்ப்பாணம் என்று விளங்கும், தமிழகத்தில் வாசிக்கிறவருக்கு முதலில் நரம்புக் கருவிதான் ஞாபகம் வரும். அதைப் பிழை என்று அவர் சிரித்தால் எங்களுக்கு நோகாதா?

சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஓட்டோவைக் கூப்பிடச் சொல்லிக் கார் வந்து நின்றால் கரைச்சல்தான். "உங்கட ஊரில் இதுக்கு ஓட்டோவா, இங்க அந்தப் பெயர் அதுக்கு" என்று றோட்டில் போகிற ஒன்றைக் கைகாட்டிச் சொல்லுங்கள், போதும்.