அந்தப் பிள்ளை லிங்க்ட்இன் பார்த்ததுல என்ன தப்பு?

அந்த வாய்ஸ் நோட் எனக்கு இதுவரைக்கும் ஆறு பேர்கிட்ட இருந்து வந்திருச்சு. திருமங்கலத்துச் சொந்தம், அண்ணா நகர்ச் சொந்தம், கூடப் படிச்சவ ஒருத்தி கூட அனுப்பிருக்கா. என் அண்ணன் மகளுக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளையோட சித்தப்பா பேசுறது. "வேலைக்கு ஆள் எடுக்குற மாதிரி மாப்பிள்ளை பார்க்குறாங்க, இந்தப் பிள்ளை எங்க குடும்பம் நடத்தப் போகுது"ன்னு.

வேலை விவரம் போட்டு வைக்கிற லிங்க்ட்இன் தளத்துல அவ மாப்பிள்ளையோட பக்கத்தைப் பார்த்துட்டா, அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும். எல்லாரும் விட்டுட்டுப் பேசுற ஒண்ணை மட்டும் சொல்றேன். அண்ணன் மக எதையும் தோண்டித் துருவி எடுக்கல. அந்தப் பையனே தன் லிங்க்ட்இன் போட்டோவுல பச்சை வளையம் போட்டு 'ஓப்பன் டு வொர்க்'னு, அதாவது வேலை தேடுறேன்னு வச்சிருந்தார். வேலையை விட்டு எட்டு மாசம் ஆச்சுன்னு அவரே எழுதிருந்தார். திருமண தளத்துல மட்டும் அதே பழைய கம்பெனி, அதே சம்பளம். ஊர் பேர் தெரியாத எச்.ஆர்.களுக்கெல்லாம் உண்மையைச் சொன்ன மனுஷன், கட்டிக்கப் போறவகிட்டச் சொல்லல. அவ கேட்டா. கேட்ட அன்னைக்கு ராத்திரியே "இந்தச் சம்பந்தம் வேண்டாம்"னு சொன்னது அவங்க வீடு. பேர் கெட்டது இவளுக்கு.

நான் 19 வருஷமா ஆள் எடுக்குற வேலையிலதான் இருக்கேன். அதனால அந்தச் சொல் எனக்கு நேரா தைச்சது. ஆள் எடுக்குறதுன்னா என்னன்னு தெரியுமா? 25,000 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு பையன் வந்தாலும் கடைசி மூணு மாசப் பே ஸ்லிப் கேப்போம். பழைய கம்பெனியோட ரிலீவிங் லெட்டர் கேப்போம். யு.ஏ.என்.னு சொல்ற பி.எஃப். நம்பரை வச்சு எந்தத் தேதியில எங்க சேர்ந்தான், எப்ப விட்டான்னு பார்ப்போம். பொய்னு தெரிஞ்சா, சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தாலும் அனுப்பிருவாங்க. யாரும் "என்னைச் சந்தேகப்படுறீங்களா"ன்னு கோவிச்சுக்கிறதில்ல. இத்தனைக்கும் அது பிடிக்கலைன்னா நோட்டீஸ் குடுத்துட்டுப் போயிர்ற வேலை. கல்யாணத்துல இருந்து அப்படி வெளிய வர முடியுமா?

சட்டம் இருக்கேம்பாங்க. இருக்கு. 1955 இந்து திருமணச் சட்டத்துல 12ஆம் பிரிவு. முக்கியமான விஷயத்தை மறைச்சு ஏமாத்திச் சம்மதம் வாங்கியிருந்தா, கல்யாணத்தை ரத்து பண்ணக் கேக்கலாம். ஆனா ஏமாத்துனது தெரிஞ்ச 1 வருஷத்துக்குள்ள போகணும். தெரிஞ்ச பிறகும் மனசார சேர்ந்து வாழ்ந்திருந்தா அந்த வழியும் அடைஞ்சிரும். தெரிஞ்ச மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டு வாசல்ல வந்து நிக்கிற தைரியம் நம்ம பக்கத்துல எத்தனை பொண்ணுங்களுக்கு இருக்கு? நின்னா கதவைத் திறந்துவிடுற வீடு எத்தனை இருக்கு? அதான் முன்னாடியே பார்க்கணும்னு சொல்றேன். பார்த்தது தப்பே இல்ல.

"லிங்க்ட்இன்ல இருக்கிறவன் எல்லாம் அரிச்சந்திரனா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லதான். டீம்ல நாலாவது ஆளா இருந்துட்டு 'லீட்'னு போட்டுக்கிறவங்களை நான் வாரத்துக்கு ரெண்டு பேர் பார்க்குறேன். ஆனா அங்க பழைய மேனேஜர் பார்க்குறாரு, பக்கத்து சீட்டுக்காரன் பார்க்குறான். ஓவரா அளந்துவிட்டா கேக்க ஆள் இருக்கு. லிங்க்ட்இன் 2003ல வந்துச்சு. நம்ம திருமண தளங்கள் அதுக்கும் முன்னாடி, 90கள் கடைசியிலயே வந்தது. 2016ல மத்திய அரசு, அடையாளச் சான்று வாங்குங்கன்னு இந்தத் தளங்களுக்கு அறிவுரை குடுத்துச்சு. அடையாளம் சரி. சம்பளத்தை யார் பார்க்குறது? அந்தப் பக்கத்தைப் பார்க்குறவங்க எல்லாம் முன்னப்பின்ன தெரியாதவங்க. தாலி கட்டுனதும் ப்ரொஃபைலையும் எடுத்துருவாங்க. பொய் சொன்னதுக்கு ஒரு சாட்சிகூட மிச்சம் இருக்காது.

சம்பளக் கட்டத்தைப் பத்திச் சொல்லாம விட முடியாது. 12 லட்சம்னு போடுறாங்க. அது சி.டி.சி., அந்த ஆளுக்காகக் கம்பெனிக்கு ஆகுற மொத்தச் செலவு. அதுக்குள்ள கம்பெனி கட்டுற பி.எஃப். இருக்கு, கிராஜுவிட்டி இருக்கு, வந்தா வரும் வராட்டி இல்லைங்கிற வேரியபிள் இருக்கு. பொண்ணு வீட்டுல மாசம் ஒரு லட்சம்னு கணக்குப் போட்டு, அதுக்குத் தக்கன நகை பேசுறாங்க. கைக்கு வர்றது எழுபத்தஞ்சோ எண்பதோ. "டேக் ஹோம் எவ்வளவு தம்பி?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா, பணத்தாசை பிடிச்ச குடும்பம்னு பேர். அதே பையன் கம்பெனி மாறும்போது எங்ககிட்ட அந்தக் கேள்விக்கு ரூபாய் சுத்தமா பதில் சொல்றான்.

அந்தக் காலத்துல இப்படியா பார்த்தாங்கன்னு கேக்குற பெரியவங்களுக்கு: இதைவிட மோசமா பார்த்தாங்க. எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்ப என் தாய்மாமன் திண்டுக்கல்லுக்குப் போய், அவர் வேலை பார்த்த கடைக்கு எதுத்த டீக்கடையில ரெண்டு நாள் உக்காந்திருந்தார். யார்கிட்ட பேசுறார், சாயங்காலம் எங்க போறார், கடன் சொல்லி வாங்குறாரான்னு எல்லாம் பார்த்துட்டு வந்து அப்பாகிட்டச் சொன்னார். அதுக்குப் பேர் பொறுப்பு. ஊரே மெச்சுச்சு. இன்னைக்கு அதே விசாரிப்பை அந்தப் பிள்ளையே தன் போன்ல ரெண்டு நிமிஷத்துல பண்ணா, அதுக்குப் பேர் திமிர். மாமன் விசாரிச்சா சரி, கட்டிக்கப் போறவ விசாரிச்சா தப்பு. இதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்குப் பதில் சொல்லல.

"வேலை போன பையன், பாவம்"னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. வேலை போறது என்னன்னு எனக்குத் தெரியும். போன ஆளுங்களுக்கு லெட்டர் அடிச்சுக் குடுத்திருக்கேன், எதிர்ல உக்காந்து அழுதவங்களுக்குத் தண்ணி குடுத்திருக்கேன். அண்ணன் மகளும் அதைத்தான் சொன்னா. "வேலை போச்சுன்னு சொல்லிருந்தா நான் வேண்டாம்னு சொல்லிருக்க மாட்டேன் அத்தை. ரெண்டு மாசமா தினமும் ஆபீஸ் கதை சொன்னாரு. மதியம் கேன்டீன்ல என்ன வெஞ்சனம்னு கூடச் சொன்னாரு." சொல்லிட்டு போனைக் குப்புறக் கவுத்து வச்சுட்டா. இல்லாத கேன்டீன்ல இல்லாத சாப்பாடு. அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம்னு பழமொழி சொல்லிக்கிட்டு வராதீங்க. அது 'ஆயிரம் பேர்கிட்டப் போய்ச் சொல்லி'ன்னு ஒரு விளக்கமும் இருக்கு. எது மூலமோ, அந்த ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். அந்தப் பொய்ல ஒண்ணைச் சொன்னவ நான்.

2008ல தம்பிக்குப் பொண்ணு பார்த்தோம். வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சது நான் மட்டும்தான். பகல்ல ஆபீஸ்ல அடுத்தவன் சர்டிஃபிகேட்டைச் சரிபார்த்துட்டு, சாயங்காலம் சிம்மக்கல்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து அவனுக்கு ப்ரொஃபைல் போட்டேன். படிப்புங்கிற கட்டத்துல 'பி.இ.'ன்னு போட்டது இந்தக் கைதான். அவனுக்கு நாலு அரியர் பாக்கி. அம்மா பக்கத்துல நின்னு, "அதான் எழுதிருவான்ல, போடு"ன்னாங்க. போட்டேன்.

கல்யாணமாகி மூணாவது மாசம் பீரோவுல துணி அடுக்கும்போது மார்க் ஷீட் ஃபைல் தம்பி பொண்டாட்டி கையில கிடைச்சிருக்கு. நான் அடுப்படியில சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். ஃபைலைத் தட்டுக்குப் பக்கத்துல வச்சா. சத்தம் போடல. "ப்ரொஃபைல் போட்டது நீங்களா மதினி?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

தம்பி அப்புறம் எழுதி முடிச்சுட்டான். ரெண்டு பிள்ளைங்க, நல்லாத்தான் இருக்காங்க. "பார்த்தீங்களா, நல்லாத்தானே இருக்காங்க"ன்னு யாரும் சொல்லிராதீங்க. அது அவ பொறுமை. அந்தப் பொய்யால வந்த நல்லது ஒண்ணும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் நான் எதைச் சொன்னாலும் இன்னொருத்தர்கிட்டயும் ஒரு தடவை கேட்டுக்குவா. தங்கம் இன்னைக்கு என்ன விலைன்னு நான் சொன்னாக்கூட. பதினேழு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அவகிட்டக் கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். நேத்து ராத்திரி போன் பண்ணி, உன் கதையை எழுதவான்னு கேட்டேன். அந்த வாய்ஸ் நோட் அவளுக்கும் வந்திருக்கு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "எழுதுங்க. ஆனா அந்தப் பிள்ளையை மட்டும் விட்டுக்குடுத்துறாதீங்க மதினி"ன்னு சொன்னா.