இரவு 11 மணிக்குப் பிறகு மீனம்பாக்கம்

சென்னை விமான நிலையத்துக்குப் பொதுப் போக்குவரத்து வசதியே இல்லை என்று பொத்தாம் பொதுவாகக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஊரை ஒட்டியே விமான நிலையம், அதன் வாசலில் ஜி.எஸ்.டி. சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ரயில் நிலையம், இந்தப் பக்கம் முனையங்களிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய மெட்ரோ நிலையம் என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடி அமைந்திருக்கும் வாய்ப்பு, நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை. என் குறை வேறு. இத்தனையும் இருக்கும் இடத்தில், நள்ளிரவு தொடங்கி விடியும் வரை, வெளியே வரும் பயணி டாக்சியைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் விமானங்கள் வந்து இறங்குகிற நேரமும் அதுதான்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, சின்னமலையில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்கு வீட்டு வாசலிலேயே ஆட்டோ ஏறிவிடலாமே என்று பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் நியாயமும் இருந்தது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பிறகுதான் அண்ணா சாலைக்கு அடியிலேயே நேராக சென்ட்ரல் போக முடிந்தது. 2021இல் பாதை வடக்கே விம்கோ நகர் வரை நீண்டதோடு, அதிகபட்சக் கட்டணமும் 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைந்தது. இன்று சென்ட்ரலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். மிச்சமாகும் காசைவிட அந்த நேர உறுதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஐப்பசி மழையில் கத்திப்பாராவுக்கு முன்னால் வண்டிக்குள் உட்கார்ந்து, செக்-இன் கவுன்ட்டர் மூடும் நேரத்தை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் மெட்ரோவின் கடிகாரமும் விமானங்களின் கடிகாரமும் ஒத்துப்போவதில்லை. மெட்ரோவின் முதல் ரயில் காலை 5 மணிக்கு, கடைசி ரயில் இரவு 11 மணிக்கு. திருவொற்றியூரில் குடியிருக்கும் ஒருவர் காலை 6 மணிக்கு மதுரைக்கோ டெல்லிக்கோ பறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானம் என்றாலே புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுன்ட்டரை மூடிவிடுகிறார்கள். அவருடைய முதல் மெட்ரோ கிளம்பும்போது அந்தக் கவுன்ட்டர் மூடியாகிவிட்டிருக்கும். 7 மணி விமானத்தைப் பிடிப்பதே அவருக்குக் கத்தி மேல் நடப்பதுதான். வந்து இறங்குபவர் நிலையும் இதேதான். இரவு 10 மணிக்குத் தரையிறங்கும் வெளிநாட்டு விமானத்தில் வந்தவர், குடியேற்றச் சோதனை வரிசையைக் கடந்து, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருந்து, சுங்கத்தையும் தாண்டி வெளியே வரும்போது கடைசி மெட்ரோ ஆலந்தூரைத் தாண்டியிருக்கும்.

மெட்ரோவை இரவு முழுவதும் ஓட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. தண்டவாளத்தையும், 25,000 வோல்ட் ஓடும் மேல்நிலைக் கம்பியையும், சிக்னல்களையும் பார்த்துச் சரிசெய்ய அவர்களுக்கு இருக்கும் நேரமே அந்தச் சில மணி நேரம்தான். மின்சாரத்தை நிறுத்தாமல் அந்த வேலை நடக்காது. அதை ஒப்புக்கொண்டால், அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது பேருந்து என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கேதான் எனக்கு வருத்தம். தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு இன்னும் மெட்ரோ போய்ச் சேராத பெங்களூரு, வாயு வஜ்ரா என்று தனிப் பெயர் வைத்து, இரவும் பகலும் நகரின் பல மூலைகளுக்குக் குளிர்சாதனப் பேருந்துகளை ஓட்டுகிறது. ஷம்ஷாபாத்துக்கு மெட்ரோ இல்லாத ஐதராபாத், புஷ்பக் பேருந்துகளால் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. மெட்ரோ இல்லாத ஊர்கள் பேருந்தை ஒழுங்காக நடத்துகின்றன. மெட்ரோ கிடைத்துவிட்ட நாம் பேருந்தை மறந்துவிட்டோம். ஜி.எஸ்.டி. சாலையில் இரவிலும் ஒன்றிரண்டு மாநகரப் பேருந்துகள் கடந்து போகத்தான் செய்கின்றன. ஆனால் அது எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும், பெட்டியோடு ஏற விடுவார்களா என்பதையெல்லாம் வருகை வாயிலில் நிற்பவருக்குச் சொல்ல ஆள் இல்லை. பயணிக்குத் தெரியாத பேருந்து, இல்லாத பேருந்துக்குச் சமம்தான்.

திரிசூலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விமானத்தில் பறப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் கடற்கரை – தாம்பரம் பாதையில் இருக்கும் நிலையம் அது. அதிகாலை 4 மணியளவில் ரயில்கள் தொடங்கி, நள்ளிரவை ஒட்டித்தான் ஓய்கின்றன. அதாவது மெட்ரோவைவிட முன்னதாக எழுந்து, பின்னதாகத் தூங்கப்போகும் ரயில் இதுதான். ஐந்து, பத்து ரூபாயில் மாம்பலமோ எழும்பூரோ தாம்பரமோ போய்விடலாம். நெல்லைக்கோ திருச்சிக்கோ இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்களுக்குத் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் இதைவிடச் சுலபமான வழி இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து இதே பாதையில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். அதன் சேவைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், நேரம் பார்த்துப் போனால்தான் உண்டு.

ஆனால் அங்கே போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். ஒரு மாலை நேரத்தில், துபாயிலிருந்து வந்தவர்கள் போலத் தெரிந்த இரண்டு பேர், கயிறு சுற்றிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு சுரங்க நடைபாதையின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த பெண், சக்கரப் பெட்டியை ஒவ்வொரு படியிலும் டொக் டொக்கென்று இறக்கியபடி, எதிரே வந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் இதுதான் ரயிலுக்குப் போகும் வழியா என்று கேட்டார். அதைச் சொல்ல ஒரு பெரிய பலகை போதும். விமான நிலையத்துக்குள் டாக்சிக்கு இருக்கும் அறிவிப்புகளில் பாதி அளவாவது இந்த ரயிலுக்கும் இருந்தால், பத்து ரூபாயில் போகக்கூடியவர்கள் ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போக மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புப் பணிக்காக ரயில்களைக் குறைக்கும்போது அதையும் முனையத்துக்குள்ளேயே அறிவித்துவிட வேண்டும். நடைமேடையில் வந்து நின்ற பிறகு தெரிந்து என்ன பயன்?

விமான நிலையப் போக்குவரத்து என்றாலே நாம் பயணியை மட்டும் நினைக்கிறோம். ஆனால் அங்கே தரை துடைப்பவர்கள், பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்கள், பாதுகாப்புப் பணியாளர்கள், காபிக் கடையில் நிற்கும் பிள்ளைகள் என்று ஒரு சிற்றூர் அளவுக்கு மனிதர்கள் நாள் முழுவதும் முறை மாறி வேலை செய்கிறார்கள். பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்திலிருந்து வரும் இவர்களுக்கு, இரவு ஷிப்ட் என்பது ஷேர் ஆட்டோவுக்கும் அடுத்தவர் இருசக்கர வாகனத்துக்கும் காத்துக் கிடக்கும் நேரம். பயணி ஆண்டுக்கு இரண்டு முறை படும் அவதியை இவர்கள் வாரத்தில் பல நாள் படுகிறார்கள். இரவுப் பேருந்து காலியாகத்தான் ஓடும் என்று கணக்குப் போடுபவர்கள், இவர்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

"விமானத்தில் பறக்க வசதி இருப்பவனுக்கு எதற்கய்யா மலிவுப் பேருந்து?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். அபுதாபியில் கட்டட வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடம் கழித்து அறந்தாங்கிக்குத் திரும்புபவரையும், பிசினஸ் வகுப்பில் பறப்பவரையும் ஒரே தட்டில் வைக்கும் கேள்வி அது. அறந்தாங்கிக்காரர் முன்பு கோயம்பேட்டுக்குப் போனார். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் பேருந்துகளுக்காக அங்கே போகிறார். விமான நிலையத்துக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையில் இருப்பது சுமார் 15 கிலோமீட்டர், அதுவும் ஒரே நேர்ச் சாலை. இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இரண்டு பெரிய முனையங்களை இரவு முழுக்க ஒரு பேருந்தால் இணைப்பது கடினமான காரியமா? மெட்ரோவைக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் இருக்கிறது, நல்லது. பாதை கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பேருந்துக்குத் தூண் நட வேண்டியதில்லை.

டாக்சி ஓட்டுநர்களின் பிழைப்பு கெட்டுவிடும் என்பது இன்னொரு வாதம். கெடாது என்றே நினைக்கிறேன். நான்கு பேர் கொண்ட குடும்பம், ஆளுக்கொரு பெட்டியோடு இரவு 2 மணிக்கு அண்ணா நகர் போக வேண்டும் என்றால், நானே டாக்சிதான் சொல்வேன். பகலில்கூட, நால்வருக்கு மெட்ரோக் கட்டணம், ஆலந்தூரில் பெட்டிகளோடு ரயில் மாறும் சிரமம், இறங்கிய பிறகு வீட்டுக்கு ஆட்டோ என்று கூட்டிப் பார்த்தால் டாக்சி அப்படியொன்றும் அதிகமாகிவிடாது. பொதுப் போக்குவரத்து அதிகம் உதவுவது தனியாகவோ இருவராகவோ வருபவர்களுக்கு. அதிலும் நள்ளிரவில் தனியாக வந்திறங்கும் பெண்கள், முன்பின் தெரியாத ஒருவரின் காரில் ஏறுவதைவிட, விளக்கெரியும் பேருந்தில் நாலு பேரோடு உட்கார்ந்து போவதையே விரும்புவார்கள் என்பதை என் வீட்டுப் பெண்களிடம் கேட்டே எழுதுகிறேன்.

பகல்நேர மெட்ரோவிலும் ஒரு குறை உண்டு, அதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். நான்கு பெட்டிகள் கொண்ட ரயில். கிண்டியில் அலுவலகக் கூட்டம் ஏறும்போது, சூட்கேஸை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவரை எல்லோரும் முறைக்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை, முறைப்பவர்கள் மேலும் தப்பில்லை. ஒரு பெட்டியின் ஓரத்தில் நாலு இருக்கைகளை எடுத்துவிட்டுச் சாமான் வைக்க இடம் விட்டால் தீர்ந்துவிடும் சங்கடம் அது.

இவையெல்லாம் ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால், ஒரு வாசலில் நான்கு வீட்டுக்காரர்கள் நிற்பது தெரிகிறது. விமான நிலையம் மத்திய அரசின் ஆணையத்திடம். மின்சார ரயில் தெற்கு ரயில்வேயிடம். மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம். பேருந்து மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். இவர்களை ஒருங்கிணைக்கத்தான் 'கும்டா' என்கிற பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு வாங்க முடிவதைப் பார்த்தபோது, மனம் வைத்தால் இவர்களால் சேர்ந்து செயல்பட முடியும் என்று தெரிந்தது. பயணச்சீட்டில் காட்டிய ஒற்றுமையைக் கால அட்டவணையிலும் காட்டட்டும்.

2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றி இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்பைப் பேசாமல் அதைப் பேசக் கூடாது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். அது அமைந்தால் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு நள்ளிரவில் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரவுப் பேருந்தை நடத்தும் பழக்கத்தை மீனம்பாக்கத்திலேயே இப்போது ஏற்படுத்திக்கொள்ளாவிட்டால், அங்கே போய்த் திடீரென்று கற்றுக்கொள்ளப்போவதில்லை.

நான் கேட்பது மூன்று தடங்கள். அண்ணா சாலை வழியாக சென்ட்ரல். வடபழனி வழியாகக் கோயம்பேடு. தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம். இரவு பத்தரை முதல் காலை ஐந்தரை வரை, அரை மணிக்கு ஒன்று. பெட்டி வைக்க உள்ளே கம்பித் தட்டு இருக்கட்டும், கட்டணம் 100 ரூபாய் என்றாலும் கொடுக்கலாம். பேருந்து ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் நிற்காமல் வருகை வாயிலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட்டுக்கு மேலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் காட்ட வேண்டும். நஷ்டம் வந்தால், நிலையத்துக்குள் வரும் வாகனங்களிடம் வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். முதல் மாதத்தில் பத்துப் பேர் ஏறினார்கள், ஆகவே நிறுத்திவிட்டோம் என்று சொல்லாமல் ஆறு மாதமாவது ஓட்டிப் பார்க்கட்டும். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் கச்சேரிக்கும் பொங்கலுக்கும் வந்து குவிகிற மார்கழியில் தொடங்கினால், இப்படி ஒரு பேருந்து இருப்பது நாலு பேர் வாய்வழியாகவே பரவிவிடும்.